ஆரணியில் யாருக்கும் ஆரணி என்று பேர் கிடையாது

எங்கள் வீட்டுப்பேர் ஆரணி. நாங்கள் இருப்பது நகரி. திருத்தணியிலிருந்து வடக்கே ரயிலில் வந்தால் பொன்பாடி, அடுத்தது பலகை கொள்ளாத அளவுக்குப் பேர் எழுதியிருக்கும் வேங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை, அதற்கடுத்தது நாங்கள். ஆந்திரா, சித்தூர் மாவட்டம். வீட்டில் தமிழ், தெருவில் தமிழ், கடைத்தெருவில் பாதிக்குப் பாதி, ஆபீஸ் என்று போனால் முழுக்கத் தெலுங்கு.

என் பிறந்த வீட்டில் எல்லோருடைய பேருக்கும் முன்னால் இந்த ஆரணி உண்டு. பள்ளிக்கூட ரிஜிஸ்டர், ரேஷன் கார்டு, வோட்டர் லிஸ்ட், கரண்ட் பில் எல்லாவற்றிலும் அதுதான் முதலில் வரும், அப்புறம்தான் ஆளுடைய பேர். ஆனால் ஆரணியில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது, போனால் ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஒரு சொந்தக்காரர் வீடு கிடையாது. அப்படியிருக்க இந்தப் பேரை யார் வைத்தது, எப்போது வைத்தது, அந்த ஊரை விட்டு எதற்காகக் கிளம்பினார்கள் என்று சில வருஷமாகவே விசாரித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாணமானதும் என் பேருக்கு முன்னால் இருந்த ஆரணி போய்ப் போளூர் வந்துவிட்டது, அதற்கப்புறம்தான் இந்தத் தேடல் எனக்குள் பிடித்துக்கொண்டது என்று நினைக்கிறேன். இத்தனைக்கும் என் அண்ணன்கள் யாரும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். உங்களுக்கு அப்பா பேரின் முதல் எழுத்துதான் இனிஷியல், தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டே போகும். தெலுங்குக்காரர்களுக்கு அப்படி இல்லை, இண்டிப்பேரு என்று ஒன்று உண்டு, அது தாத்தாவுக்கும் பேரனுக்கும் ஒன்றே. பெரும்பாலும் அது ஓர் ஊரின் பேராக இருக்கும், சிலருக்குத் தொழில், சிலருக்கு முன்னோர் ஒருவரின் பட்டம். பள்ளியில் சேர்க்கும்போதே அதைத்தான் முதலில் கேட்பார்கள். இங்கே இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கும் அந்தக் கட்டம் காலியாக இருக்க முடியாது. அதனால் ஊரார் ஏற்கெனவே எங்களை எப்படிக் கூப்பிட்டார்களோ அதுவே காகிதத்திலும் ஏறிவிட்டது. எங்கள் பழைய தெருவில் மட்டும் ஆரணி வீடு, போளூர் வீடு, தேவிகாபுரம் வீடு, சேத்துப்பட்டு வீடு என்று வரிசையாக உண்டு. சின்ன வயதில் இதெல்லாம் ஆட்களின் பேர் என்றே எனக்கு மனதில் பதிந்திருந்தது, ஊர்கள் என்று பிற்பாடுதான் பஸ் பலகைகளில் பார்த்தேன்.

நான் சொல்ல வருவது இதுதான். ஊரை வீட்டுப்பேராக வைத்திருக்கும் எந்தக் குடும்பமும் அந்தப் பேரை அந்த ஊரில் வைத்துக்கொண்டது கிடையாது. ஆரணியில் இருப்பவரை ஆரணிக்காரர் என்று கூப்பிட வேண்டிய அவசியம் அங்கே யாருக்கு இருக்கிறது? எல்லோருமே ஆரணிக்காரர்தான். அங்கிருந்து கிளம்பி வேறு ஊரில் போய் இறங்கிய பிறகு, அந்த ஊர்க்காரர்கள் அடையாளத்துக்காகக் கூப்பிட்ட பேர் இது. வந்து சேர்ந்த இடம் நம் மேல் ஒட்டியது, விட்டுவந்த இடம் கொடுத்ததில்லை. அதனால் வீட்டுப்பேரை வைத்துக்கொண்டு அந்த ஊருக்கே போய் "எங்கள் குடும்பம் தெரியுமா" என்று விசாரித்தால் ஒன்றும் கிடைக்காது. அங்கே அவர்களை வேறு ஏதோ ஒரு பேரால்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்.

பெரிய மனிதர்களைப் பார்த்தாலே இது விளங்கும். எங்கள் பக்கத்து ஊரான திருத்தணியில் 1888இல் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர் சர்வபள்ளி ராதாகிருஷ்ணன். சர்வபள்ளி என்பது நெல்லூர்ப் பக்கத்து ஊர். அவருடைய குடும்பம் அங்கிருந்து தெற்கே வந்தது, பேர் கூடவே வந்தது. இதற்கு நேர் எதிராக, ஆற்காடு இரட்டையர் என்று சொல்கிற ஆ. ராமசாமி முதலியாரும் ஆ. இலட்சுமணசாமி முதலியாரும். தமிழ்க் குடும்பம், இனிஷியலில் இருக்கும் 'ஆ' ஆற்காடு, ஆனால் 1887இல் அவர்கள் பிறந்தது கர்நூலில். கேரளத்துப் பக்கம் போனால் எம்.எஸ். சுவாமிநாதன், அந்த 'எம்' குட்டநாட்டில் இருக்கிற மான்கொம்பு, பிறந்ததோ கும்பகோணம். ஒருவர்கூட பேரில் இருக்கிற ஊரில் பிறக்கவில்லை.

சரி, எங்கள் கதைக்கு வருகிறேன். முதல் சிக்கல், ஆரணி ஒன்று இல்லை, இரண்டு. ஒன்று எல்லோருக்கும் தெரிந்த பட்டுச் சேலை ஆரணி, கமண்டல நாகநதிக் கரையில், இப்போது திருவண்ணாமலை மாவட்டம். இன்னொன்று பொன்னேரிக்குப் பக்கத்தில் ஆரணியாற்றுக் கரையில் இருப்பது. அந்த ஆறு கிளம்புவதே எங்கள் பக்கத்து மலைகளில்தான். பிச்சாட்டூர் அணை, நாகலாபுரம், சுருட்டப்பள்ளி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் என்று வந்து அந்த ஆரணியைத் தொட்டுக்கொண்டு பழவேற்காட்டுப் பக்கம் கடலுக்குப் போகிறது. எங்கள் சித்தப்பா அந்தக் கிட்டத்து ஆரணிதான் என்று அடித்துச் சொல்வார். ஆற்றங்கரையோடு மேலே ஏறி வந்திருப்பார்கள், அதுதான் நடக்கிற வழி, எவன் தறியைத் தூக்கிக்கொண்டு நூறு கிலோமீட்டர் நடப்பான் என்பது அவருடைய வாதம். பெரியப்பா ஒப்புக்கொள்ளவே மாட்டார். "பட்டு ஆரணிம்மா நாம. அவனுக்கு இன்னா தெரியும், அவன் பொறக்கறதுக்கு முன்னாலயே எங்க தாத்தா சொன்னது" என்பார். குடும்பத்தில் எந்தக் கல்யாணத்துக்குக் கூடினாலும் சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த வழக்கு நடக்கும்.

பேர் இரண்டு ஊரையும் காட்டுகிறது, அதனால் பேரை ஓரமாக வைத்துவிட்டு வேறு எதைப் பார்ப்பது என்று யோசித்தேன். குடும்பம் ஊரை மாற்றும், பாஷையைக்கூட மாற்றும், குலதெய்வத்தை அவ்வளவு லேசில் மாற்றாது. எங்கள் வீட்டில் பிள்ளைக்கு முதல் மொட்டை படவேட்டில்தான். படவேடு என்றால் சந்தவாசல் பக்கம், மலையடிவாரத்தில் ரேணுகாம்பாள் கோயில். ஜமதக்னி முனிவர் யாகம் செய்த குண்டத்திலிருந்து எடுப்பது என்று அங்கே விபூதி கொடுப்பார்கள். எங்கள் ஆயா, அதாவது பாட்டி, அதை ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடிக்கு மேல் மஞ்சள் துணி கட்டி, அரிசிப் பானைக்குப் பின்னால் வைத்திருந்தது கண்ணிலேயே நிற்கிறது. கடையில் வாங்குகிற விபூதி மாதிரி நைசாக இருக்காது, கொஞ்சம் மண் கலர், விரலில் எடுத்தால் நறநற என்று இருக்கும். காய்ச்சல் வந்தால் நெற்றியில் ஒரு கோடு, நாக்கில் ஒரு துளி, அதற்கப்புறம்தான் டாக்டர்.

சித்தப்பா சொல்வது மாதிரி நாங்கள் பொன்னேரி ஆரணிக்காரர்களாக இருந்தால் போகவேண்டிய இடம் பெரியபாளையம் பவானியம்மன். அதே ஆற்றங்கரை, வேப்பிலைச் சேலை கட்டிக்கொண்டு கோயிலைச் சுற்றுவார்கள், நகரியிலிருந்தும் கிட்டம். அங்கே போய்த் தீர்த்துவிட்டு வரலாம். அப்படிக் கிட்டத்தில் ஓர் அம்மனை விட்டுவிட்டு, ரோடும் பஸ்ஸும் இல்லாத காலத்திலிருந்தே கைக்குழந்தையோடு ஆற்காடு தாண்டி அவ்வளவு தூரம் போய் வருகிற குடும்பம், அந்தத் திசையிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். எனக்கு இதுவே போதுமான சாட்சி.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது, அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை, ஏனென்றால் அது பெண்களைப் பற்றியது. படையல் போடும்போது பெரியப்பா முன்னோர் பேர்களைச் சொல்வார். ஆண்களுக்குப் பேர் சொல்வார், பெண்களுக்குப் பல இடத்தில் பேரே இருக்காது, தேவிகாபுரத்தம்மா, சேத்துப்பட்டாயா, போளூரம்மா என்று வந்த ஊரைத்தான் சொல்வார். நான் அதை அப்படியே எழுதி வைத்துக்கொண்டு வரைபடத்தில் பார்த்தேன். தேவிகாபுரம், சேத்துப்பட்டு, போளூர் மூன்றுமே பட்டு ஆரணியைச் சுற்றி இருக்கிற ஊர்கள். பொன்னேரிப் பக்கத்து ஊர் ஒன்றுகூட இல்லை. இதில் பழைய தலைமுறைப் பெண்கள் நிஜமாகவே அந்த ஊர்களில் பிறந்தவர்களாக இருக்கலாம், பிந்தியவர்கள் நகரியிலேயே பிறந்த தேவிகாபுரம் வீட்டுப் பெண்களாக இருக்கலாம், எனக்கு இரண்டும் ஒன்றைத்தான் சொல்கிறது. ஒரே வட்டாரத்துக் குடும்பங்கள் கூட்டாகக் கிளம்பி வந்து, வந்த இடத்திலும் தங்களுக்குள்ளேயே பெண் கொடுத்து எடுத்திருக்கிறார்கள். நானே ஆரணி வீட்டிலிருந்து போளூர் வீட்டுக்குப் போனவள்தானே. நிச்சயதார்த்தத்தில் இரண்டு பேருக்கும் ஒரே குலதெய்வம் என்று தெரிந்தபோது பெரியவர்கள் யாருக்கும் ஆச்சரியமே இல்லை, எனக்குத்தான் அன்றைக்கு முழுக்க அதே யோசனை.

எப்போது வந்தார்கள் என்பது அடுத்த கேள்வி. பெரியப்பாவின் கதையில் அது ஐதர் கலாபம். ஐதர் அலி 1780இல் ஆற்காடு நவாபின் கர்நாடகச் சீமைக்குள் இறங்கியபோது காஞ்சிபுரம், ஆற்காடு வட்டாரமே அழிந்துபோனது உண்மை. ஆரணிக் கோட்டையில் அவர் தன் படைக்கு வேண்டிய சரக்கெல்லாம் சேர்த்து வைத்திருந்தார், 1782 ஜூனில் ஆங்கிலேயத் தளபதி அயர் கூட் அதைப் பிடிக்க வந்து, ஆரணிக்கு வெளியே சண்டையே நடந்தது. அந்தக் காலத்தில் நெசவாளர்கள் சிதறி ஓடியிருப்பார்கள் என்பதில் சந்தேகமே இல்லை. கதையாகக் கேட்கவும் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தலைமுறையை எண்ணிப் பார்த்தால் ஒத்துவரவில்லை.

எண்ணுவதும் லேசான வேலை இல்லை. எங்கள் வீட்டில் மூத்த பிள்ளைக்குத் தாத்தா பேர்தான் வைப்பார்கள். அதனால் இரண்டே இரண்டு பேர்கள் மாறி மாறி வருகின்றன, ஒரு காகிதத்தில் பேரைப் பார்த்தால் அது தாத்தாவா பேரனா என்று தெரியாது. உதவியது ஒரு பத்திரம்தான். நாங்கள் பிறந்து வளர்ந்த வீட்டின் கிரயப் பத்திரம், 1919இல் எழுதியது, முத்திரைத்தாள் மடிப்பு மடிப்பாக உடைந்துவிட்டது, மைக்காவில் போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் வாங்கியவர் பேர், அவர் அப்பா பேர், இரண்டு பேருக்கும் தொழில் நெசவு, இருப்பிடம் நகரி என்று இருக்கிறது. வாங்கியவர் என் தாத்தாவின் அப்பா. அவர் நகரியிலேயே பிறந்தவர், அவருடைய அப்பா சின்னப் பையனாக நடந்து வந்தவர் என்று ஆயா சொல்லுவார். "வழியெல்லாம் புளியங்கொட்டைய வறுத்துத் தின்னுக்கிட்டே வந்தாங்களாம்" என்பது ஆயா வாயிலிருந்தே நான் கேட்ட வார்த்தை. அந்தப் பையனுக்கு 1919இல் பேரன் பேத்தி எடுக்கிற வயது என்று வைத்துப் பின்னால் போனால் 1870களில் வந்து நிற்கும். அப்படியானால் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரைக்கும். சென்னை மாகாணத்தையே கொன்று தீர்த்த பஞ்சம்.

நெசவாளனைப் பஞ்சம் முதலில் அடிக்கும். விவசாயிக்கு விதை நெல்லாவது மூலையில் கிடக்கும், தறிக்காரனுக்குத் துணி விற்றால்தான் அரிசி. விளைச்சல் போனால் ஜனங்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான், அடுத்த வாரமே தறி நின்றுவிடும். அப்போது எதற்காக வடக்கே நகரிப் பக்கம் என்று கேட்டால் என் மனதுக்குப் படுவது ரயில். சென்னையிலிருந்து அரக்கோணம், ரேணிகுண்டா வழியாகப் போகிற பாதை 1871இலேயே ராய்ச்சூரில் பம்பாய்ப் பாதையோடு சேர்ந்துவிட்டது. ரயில் போகிற ஊருக்குத் தானியம் வரும், நூல் பேலும் வரும், நெய்த துணியை ஏற்றி அனுப்பவும் வசதி. ஆரணிப் பக்கம் அப்போது ரயில் கிடையாது.

எங்களுக்கு முன்னால் வந்தவர்களும் இங்கே இருந்தார்கள். அம்மையார்குப்பம், பொதட்டூர்பேட்டை, அத்திமாஞ்சேரிப்பேட்டை, நகரி, ஏகாம்பரகுப்பம், புத்தூர், நாராயணவனம் என்று இந்த மலைச்சரிவு முழுக்க நெசவு ஊர்கள்தான். புத்தூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு எலும்புக் கட்டுதான் ஞாபகம் வரும், எங்களுக்குத் தறிச் சத்தம். நாங்கள் செங்குந்தர், பழைய ஆவணங்களில் கைக்கோளர் என்று இருக்கும். அந்தச் சமூகத்துக்குள் ஊர்களை எழுபத்திரண்டு 'நாடு'களாகப் பிரித்த ஒரு பழைய ஏற்பாடு இருந்தது, காஞ்சிபுரத்து நாடுதான் 'மகாநாடு', எல்லாவற்றுக்கும் தலைமை. புதிதாக ஓர் ஊருக்கு வந்து இறங்குகிறவனுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ள ஓர் இடம் இருந்தது, "நான் இன்ன ஊர், இன்னாருடைய பங்காளி" என்றால் ஒரு திண்ணை கிடைக்கும். தெரியாத ஊரில் அது எவ்வளவு பெரிய விஷயம்! வந்தவனை இன்ன ஊரான் என்று அடையாளம் சொல்லிச் சேர்த்துக்கொண்ட அந்தப் பேச்சில்தான் எங்கள் வீட்டுப்பேர் பிறந்திருக்கும் என்று நான் நம்புகிறேன்.

தறியைத் தூக்கிக்கொண்டா நடந்தார்கள் என்ற சித்தப்பாவின் கேள்விக்கும் பதில் வீட்டிலேயே இருந்தது. குழித்தறியில் தூக்கிக்கொண்டு போக என்ன இருக்கிறது? அச்சு, விழுது, நாடா, கொஞ்சம் கயிறு. மரச்சட்டத்தைப் போகிற ஊர்த் தச்சன் செய்து கொடுப்பான், குழியை அந்தந்த வீட்டுத் தரையில் தோண்டிக்கொள்ள வேண்டியதுதான். எங்கள் வீட்டுக் கூடத்தில் ஜன்னலுக்குக் கீழே, ஓர் ஆள் உட்கார்ந்து கால் தொங்கப்போடும் அளவுக்குத் தரை மட்டும் வேறு நிறமாக இருக்கும். தறியை எடுத்துவிட்டுக் குழியை மூடி மேலே சிமெண்ட் பூசிய இடம். மழைக்காலத்தில் அந்தச் சதுரம் மட்டும் ஈரம் கோத்துக்கொள்ளும், ஆயா அதன் மேல் கோணி போட்டு வைப்பார். தாத்தா கடைசி வரைக்கும் பகலில் அந்த இடத்தில்தான் உட்காருவார், சேர் போட்டால் நகர்த்திவிட்டுத் தரையிலேயே உட்காருவார்.

பத்திரத்தைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும், எனக்கு இதில் ரொம்பப் பிடித்ததே அதுதான். பத்திரம் முழுக்கத் தெலுங்கு. எழுதியவர் எங்கள் முப்பாட்டனை ஆரணி என்று ஆரம்பித்து, பேர் சொல்லி, முதலி என்று முடித்து எழுதியிருக்கிறார். கடைசியில் முப்பாட்டன் தமிழில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், எழுத்து ஒவ்வொன்றும் தனித்தனியாக, பேனாவை அழுத்தி அழுத்தி. அதில் ஆரணி இல்லை. தன் பேரும் அப்பா பேரும் மட்டும்தான். ஆக 1919 வரைக்கும் அந்தப் பேர் ஊரார் வாயிலும் எழுத்தர் பேனாவிலும்தான் இருந்திருக்கிறது, அவர் அதைத் தன்னுடையதாக எழுதிக்கொள்ளவில்லை. அடுத்த தலைமுறை, என் தாத்தா, தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தவர், அவர் கையெழுத்தில் ஆரணி வந்துவிடுகிறது.

இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று சொல்கிறோமே தவிர, அவர்கள் எந்த எல்லையையும் தாண்டவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அப்போது ஆரணியும் நகரியும் ஒரே வட ஆற்காடு ஜில்லா, அதற்குத் தலைநகரே சித்தூர்தான். ஆரணிக்காரன் கலெக்டரைப் பார்க்க வேண்டுமென்றால் சித்தூருக்குத்தான் வரவேண்டும். நகரி, புத்தூர் எல்லாம் கார்வேட்டிநகர ஜமீனில் இருந்தவை. 1911 ஏப்ரல் 1ஆம் தேதி சித்தூர் தனி ஜில்லா ஆனது, வட ஆற்காட்டுக்குத் தலைநகர் வேலூருக்குப் போனது. 1953 அக்டோபர் 1இல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூர் ஜில்லா முழுவதும், திருத்தணி உட்பட, அங்கே போனது. ம.பொ.சி., மங்கலங்கிழார், கே. விநாயகம் போன்றவர்கள் நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்தைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசினால் இன்றைக்கும் குரல் மாறும். எல்லைத் தகராறைத் தீர்க்க நடுவராகப் பட்டாஸ்கர் வந்தார், கிராமத்தை அலகாக வைத்து, எந்த மொழிக்காரர்கள் அதிகம், ஒட்டினாற்போல் இருக்கிறதா என்று பார்த்துப் பிரித்தார். 1960 ஏப்ரல் 1இல் திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்கு வந்தன, சத்தியவேடு பக்கம் அங்கே போனது. நகரி, புத்தூர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டன.

இதில் எங்கள் குடும்பம் நடுவில் பிளந்தது. தாத்தா நகரியில், அவர் தம்பி பொதட்டூர்பேட்டையில், கல்யாணமாகி மாமனார் வீட்டுப் பக்கத்திலேயே தறி போட்டுக்கொண்டவர். நடுவில் இருப்பது கொஞ்ச தூரம், சைக்கிளில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். 1960க்கு அப்புறம் அந்தப் பக்கம் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் அப்பா பேரின் முதல் எழுத்து மட்டும் போட்டார்கள், ஆரணி உதிர்ந்துவிட்டது. இந்தப் பக்கம் பிறந்த எங்களுக்கு அது முழுசாக ஒட்டிக்கொண்டது. ஒரே முப்பாட்டனின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள், கல்யாணப் பத்திரிகையில் பக்கத்தில் பக்கத்தில் அச்சடித்தால் யாரோ எவரோ மாதிரி இருப்போம்.

அதனால் வந்த கஷ்டமும் சின்னது இல்லை. அந்தப் பக்கத்துச் சின்னத் தாத்தாவின் வாரிசு ஒருவர் பிள்ளை இல்லாமல் போய்விட, வீடு எங்கள் தலைமுறைக்கு வரவேண்டியிருந்தது. வாரிசுச் சான்றிதழுக்கு எழுதிக் கொடுத்தால், அங்கே இருந்த அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒருத்தருக்கு இனிஷியல் மு, இன்னொருத்தருக்கு ஆ, ரெண்டு பேரும் எப்படிங்க அண்ணன் தம்பி?" என்று கேட்டார். நைனா, அதாவது என் அப்பா, ஆந்திராவில் இனிஷியல் என்பது ஊர்ப்பேர் என்று சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. மாதக்கணக்கில் அலைந்தார். அந்த வயதில், முழங்கால் வலியோடு, தன் அப்பாவும் சித்தப்பாவும் கூடப்பிறந்தவர்கள் என்பதற்கு அத்தாட்சி தேடி ஒரு மனிதர் இரண்டு மாநிலத்து ஆபீஸ்களில் நிற்க வேண்டியிருந்தது எனக்கு இன்னும் ஆறவில்லை. கடைசியில் அந்த 1919 பத்திரத்தைத் தமிழில் மொழிபெயர்த்து, நோட்டரி சான்றோடு கொடுத்தோம். அதில் ஆரணி என்ற பேரும் இருந்தது, கீழே கையெழுத்தில் மு என்று ஆரம்பிக்கும் பேரும் இருந்தது. முப்பாட்டன் தமிழில் போட்ட அந்த ஒரு கையெழுத்துதான் இரண்டையும் சேர்த்தது.

எல்லை ஊர்களில் இருப்பவர்களுக்கு நான் கெஞ்சிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான், வீட்டில் பழைய பத்திரம் எந்த பாஷையில் இருந்தாலும், நிலமே கைமாறிப் போயிருந்தாலும், தூக்கிப் போடாதீர்கள். பள்ளிக்கூட அட்மிஷன் ரிஜிஸ்டர் நகல் கிடைத்தால் வாங்கி வையுங்கள். பெரியவர்கள் இருக்கும்போதே படையல் பேர்களை எழுதிக்கொள்ளுங்கள், பெண்கள் எந்த ஊரிலிருந்து வந்தார்கள் என்பதோடு சேர்த்து.

இப்போது நகரியில் குழித்தறி அநேகமாக இல்லை, எல்லாம் விசைத்தறி. என் அண்ணன் வீட்டில் அதையும் விட்டாகிவிட்டது. அண்ணன் பையன் பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறான், பாஸ்போர்ட்டில் சர்நேம் கட்டத்தில் ஆரணி. அவன் ஆபீஸில் நிஜமாகவே ஆரணியில் பிறந்த ஒரு பையன் இருக்கிறானாம், இவன் ஐடி கார்டைப் பார்த்துவிட்டு "நீங்க நம்ம ஊரா, எந்தத் தெரு?" என்று ஆசையாக ஓடி வந்திருக்கிறான். அவனுடைய பேரில் ஆரணி இல்லை. இவன் என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் எனக்கு போன் பண்ணினான். படவேட்டிலிருந்து ஆரம்பித்துப் புளியங்கொட்டை வரைக்கும் ஒரு மணி நேரம் சொன்னேன், பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். அடுத்த ஆடி வெள்ளிக்கு அந்தப் பையனையும் கூட்டிக்கொண்டு படவேடு வருகிறேன் என்றிருக்கிறான், பார்ப்போம்.

நானும் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி முடித்துவிட்டேன், வலது பக்கம் தமிழ், இடது பக்கம் தெலுங்கு, பொதட்டூர்பேட்டைப் பிள்ளைகளுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது, நகரிப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. ஆண்களுக்கு ஒரு வரிசை, பெண்களுக்குப் பிறந்த வீட்டுப்பேர், புகுந்த வீட்டுப்பேர் என்று இரண்டு வரிசை போட்டிருக்கிறேன். பேர் தெரியாமல் ஊர் மட்டும் தெரிந்த பாட்டிகளுக்கு ஊரையே பேர் இருக்க வேண்டிய இடத்தில் எழுதிவிட்டேன். ஜெராக்ஸ் எடுத்து இரண்டு பக்கத்து வீடுகளுக்கும் கொடுக்க வேண்டும். பெரியப்பா பார்த்துவிட்டுச் சொன்னது ஒரே திருத்தம்தான், ஐதர் கலாபத்தையும் ஓரத்திலாவது எழுதி வை என்றார். எழுதியிருக்கிறேன், அவர் சொன்னது என்று அவர் பேரோடு.